கண்டவர் எழுத்தும் காணப்பட்டோர் வாழ்வும்: சமோவா பற்றிய ஐரோப்பியப் பதிவுகள் குறித்து ஒரு நோக்கு

எழுத்து வழக்கற்ற சமுதாயமொன்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் எதிர்நோக்கும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. அச்சமுதாயம் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய ஏடுகள் அச்சமுதாயத்தவரால் எழுதப்பட்டவையல்ல. கப்பலில் வந்திறங்கிச் சில நாளோ சில நாழிகையோ தங்கி, மீண்டும் பாய்விரித்துச் சென்றோரால் எழுதப்பட்டவை அவை. இத்தகைய ஏடுகள் தொடர்பாக இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. நேரிற் கண்டார் கூற்று என்பதனால் அவற்றை முற்றாக ஏற்பது ஒன்று. ஆதிக்கவாதியின் கூற்று என்பதனால் முற்றாகத் தள்ளுவது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோலத் தோன்றினும் இவ்விரண்டும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. இரண்டுமே வாசிப்பின் உழைப்பினைத் தவிர்ப்பவை. ஏட்டைத் திறக்குமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இவ்விரு வழிகளையும் விடுத்து மூன்றாவதொரு வழியில் இவ்வேடுகளை வாசித்தல் இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்குத் தென் பசிபிக்கிலுள்ள சமோவாத் தீவுகள் தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றன. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுக்காலத்தில் இத்தீவினர் கொடியோர் எனவும், கவலையற்ற காதலர் எனவும், வெள்ளையரைத் தெய்வமாகக் கருதிய பேதையர் எனவும் மாறிமாறிச் சித்திரிக்கப்பட்டுள்ளனர். ஒரே மக்களைப் பற்றி இத்துணை வேறுபட்ட சித்திரங்கள் எழுந்தன எனின், அவை அம்மக்களைப் பற்றிக் கூறுவதிலும் எழுதியோரைப் பற்றிக் கூறுவதே அதிகம் எனலாம். எனினும் அவ்வளவோடு நின்றுவிட முடியாது. ஏனெனில் இவ்வேடுகளைத் தவிர அந்த முதற்சந்திப்புகளை நாம் அறிவதற்கு வேறு எழுத்துச் சான்று இல்லை.

1

1722இல் ஒல்லாந்தரான றொக்கவீன் மனுவாத் தீவுகளை அணுகினார், கரையிறங்கவில்லை. 1768இல் பிரெஞ்சுக்காரரான பூகன்வில் அதே கடலைக் கடந்தபோது, தீவினரின் ஓடங்களையும் அவற்றைச் செலுத்திய திறனையும் கண்டு அத்தீவுகளுக்கு 'மாலுமிகளின் தீவுகள்' எனப் பெயரிட்டார். அவரும் கரையிறங்கவில்லை. ஆயின் அதற்குச் சில வாரங்களுக்கு முன் தாகித்தியில் அவர் கரையிறங்கியிருந்தார். அங்கு தாம் கண்டதாக எண்ணிய காதற் சுதந்திரத்தை வியந்து அத்தீவுக்குக் கிரேக்கக் காதற்றெய்வத்தின் தீவினது பெயரையே சூட்டினார். 1771இல் வெளிவந்த அவரது பயண நூல் ஐரோப்பிய வாசகரிடையே பெரும் பரபரப்பினை ஏற்படுத்தியது. பின்வந்த கப்பல்கள் யாவும் உணவையும் நீரையும் மட்டுமன்றி இந்நூல் தந்த எதிர்பார்ப்பினையும் சுமந்தே பசிபிக்கிற் புகுந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவரே லா பெறூஸ். அவரது இரு கப்பல்களும் 1787 டிசெம்பரில் துத்துயிலாத் தீவை அடைந்தன. டிசெம்பர் 10ஆந் திகதி பிரெஞ்சுக்காரர் கரையிறங்கி நீரும் உணவும் பெற்றனர். மறுநாள், இரண்டாவது கப்பலின் தலைவரான டி லாங்கிள் மேலும் நன்னீர் வேண்டுமென வற்புறுத்தி, அறுபதுக்கு மேற்பட்டோருடன் ஆசு என்னும் குடாவுக்குச் சென்றார். கடல் வற்றியிருந்தமையாற் படகுகள் தரைதட்டின. கரையில் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். கல்மாரி பொழிந்தது. டி லாங்கிளும் லாமனொன் என்னும் இயற்கை ஆய்வாளரும் உட்படப் பன்னிருவர் கப்பற்றரப்பிற் கொல்லப்பட்டனர். சமோவரும் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தனர்.

லா பெறூஸ் தமது நாட்குறிப்பின் பிரதியை 1788இல் அவுஸ்திரேலியக் கரையிலிருந்து பிரான்சுக்கு அனுப்பிவைத்தார். அதன்பின் அவரும் அவரது கப்பல்களும் வனிக்கோரோத் தீவருகே அழிந்தனர். நாட்குறிப்பு 1797இல் நூலாயிற்று. 'கொலைக்குடா' என்னும் பெயர் வரைபடத்தில் ஏறியது. பல ஆண்டுகள் ஐரோப்பியக் கப்பல்கள் சமோவாவை அஞ்சி ஒதுங்கின.

இந்நூலைக் கூர்ந்து நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவது அதன் காலக்கணக்கு ஆகும். டிசெம்பர் 10ஆந் திகதியின் அமைதியான கிராமத்தையும் 11ஆந் திகதியின் கொலையையும் ஒருங்கே அறிந்த கையே இரண்டையும் எழுதுகின்றது. அழகுற அமைந்த வீடுகளையும் வளமிக்க மரஞ்செடிகளையும் விவரித்த உடனேயே, இத்தகைய இடத்தில் வாழ்வோர் இனியராயிருப்பர் என எண்ணியது பிழையென ஆசிரியர் இடைமறிக்கின்றார். ஆடவர் உடலிலுள்ள தழும்புகள் அவர்தம் கொடுமைக்குச் சான்றாகின்றன. நேற்றைய காட்சி இன்றைய குருதியால் நனைக்கப்படுகிறது. கொல்லப்பட்ட லாமனொன் அதற்கு முன்னாளில் இம்மக்களை ஐரோப்பியரினும் மேம்பட்டோர் எனப் புகழ்ந்தாராம். இதனை நினைவுகூரும் லா பெறூஸின் சினம் தீவினரைக் காட்டிலும், வீட்டிலிருந்தவாறே காட்டு மனிதனைப் போற்றி நூலெழுதும் தத்துவஞானியர் மீதே கூடுதலாகப் பாய்கின்றது. ஆகவே 'கொடிய சமோவன்' என்னும் சித்திரம் துத்துயிலாவில் மட்டும் பிறந்ததன்று. பாரிஸ் நகரத்து விவாதமொன்றிலும் அதன் வேர் உண்டு.

ஆயினும் இதே நூலில் இதற்கு மாறான செய்தியொன்றும் உளது. கொலை நிகழ்ந்த செய்தி எட்டியபோது லா பெறூஸின் கப்பலைச் சூழ்ந்து தீவினரின் ஓடங்கள் பல நின்றன. அவற்றிலிருந்தோர் பண்டமாற்றுக்கு வந்தவர்கள். கரையில் நடந்ததை அறியாதவர்கள். அவர்களைப் பழிதீர்க்கத் துடித்த தமது ஆட்களை லா பெறூஸ் தடுத்தார். எச்சரிக்கை வெடியோடு அவ்வோடங்களை அகலச் செய்தார். சினம் கொதித்த அப்பொழுதிலும் குற்றமிழைத்தோரையும் இழையாதோரையும் வேறுபிரித்து நோக்க அவரால் இயன்றது. எழுத அமர்ந்தபோதே 'இம்மக்கள்' என்னும் ஒற்றைச் சொல்லுள் எல்லோரும் அடங்கிவிட்டனர். செயலில் நிதானித்த மனிதர் எழுத்தில் நிதானம் இழந்தார். பொதுமைப்படுத்தல் என்பது கண்டதன் விளைவன்று, எழுத்தின் விளைவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2

நூலின் மற்றொரு பகுதி இதனினும் பாரதூரமானது. கிராமத்திலிருந்த மிக இளம்பெண்கள் சிலர் பிரெஞ்சுக்காரரிடம் அளிக்கப்பட்டமையை லா பெறூஸ் பதிவு செய்துள்ளார். முதிய பெண்களே அதனை ஒழுங்கு செய்தனர். கிராமத்தின் முதன்மையான வீட்டில், பாய்த்தட்டிகள் இறக்கப்பட்ட நிலையில், முதியவரொருவர் சிறுமியைப் பற்றிக்கொண்டு அவளது வேதனையை அடக்குமாறு அறிவுறுத்த, மூதாட்டியர் பாட, அது நிகழ்ந்தது. லா பெறூஸ் அவளைப் பலிப்பொருளாகவே குறிப்பிடுகின்றார். ஆயின் இதனை எழுதிய அதே ஆசிரியர், மணமாகுமுன் இத்தீவுப் பெண்கள் தம் விருப்பப்படி ஒழுகும் சுதந்திரம் உடையோர் என்றும் அதனால் அவர்க்கு இழுக்கில்லை என்றும் முடிவு கூறுகின்றார்.

அழுதவளைப் பற்றிய சாட்சியத்திலிருந்து அவள் சுதந்திரமாயிருந்தாள் என்னும் முடிவு எவ்வாறு பெறப்படும்? சாட்சியத்துக்கும் முடிவுக்கும் இடையேயுள்ள இடைவெளியைப் பூகன்வில்லின் நூல் நிரப்பியது என்பதே விடையாகும். கண்டது ஒன்று, காணவேண்டுமென வாசித்து வந்தது மற்றொன்று. முடிவை வகுத்தது வாசிப்பே.

இம்முரண்பாட்டை விரிவாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு மானிடவியலாளரான சேர்ஜ் செர்கேசோவ். 2004இல் வெளிவந்த 'பொலினீசியாவின் முதற்சந்திப்புகள்' என்னும் அவரது நூலின் சிறப்பு, புதிய ஏடுகளைக் கண்டெடுத்ததிற் காட்டிலும் பழைய ஏடுகளை வரிவரியாக வாசித்ததிலேயே தங்கியுள்ளது. முதியோரின் முன்னிலை, பாட்டு, மூடிய வீடு, பெண்ணின் இளமை ஆகிய விவரங்களை அவர் ஒன்றுசேர்க்கின்றார். சமோவாவில் உயர்குலப் பெண்ணின் திருமணத்தின்போது அவளது கன்னிமை சபையறிய மெய்ப்பிக்கப்படும் சடங்கு முன்னர் இருந்தது. அச்சடங்கின் சாயலே இங்கு காணப்படுகிறது என்பது அவர் முடிபு. கடலுக்கப்பாலிருந்து வந்த புதியோரிடம் மனித ஆற்றலுக்கு மேற்பட்டதோர் ஆற்றல் உண்டெனக் கருதிய முதியோர், அவ்வாற்றலைத் தம் குலத்துள் வழித்தோன்றலாகப் பெற முயன்றனர் என்கிறார் அவர். எனவே அங்கு நிகழ்ந்தது காமக் களியாட்டமன்று. ஐரோப்பியர் விளங்கிக்கொள்ளாத ஓர் அரசியற்சடங்கு.

இவ்விளக்கம் நம்மை மற்றொரு விவாதத்துக்கு இட்டுச்செல்கின்றது.

3

1779 பெப்ரவரி 14ஆந் திகதி ஹவாயில் கப்டன் குக் கொல்லப்பட்டார். அவரை ஹவாய் மக்கள் தம் லோனோ என்னும் தெய்வமாகக் கருதினர் என்றும், அத்தெய்வத்தின் விழாக்காலத்தில் வந்தமையால் வரவேற்கப்பட்ட அவர் காலந் தப்பி மீண்டு வந்தமையாற் கொல்லப்பட்டார் என்றும் அமெரிக்க மானிடவியலாளரான மார்ஷல் சாலின்ஸ் விளக்கினார். இதனை மறுத்து 1992இல் 'கப்டன் குக்கின் தெய்வமாக்கம்' என்னும் நூலை எழுதியவர் கணநாத் ஒபயசேகர. பேராதனையிற் பயின்று அங்கேயே சமூகவியல் கற்பித்து, பின்னர் பிரின்ஸ்ரனிற் பேராசிரியராக விளங்கியவர் அவர். அந்நியர் வருகை நெடுங்காலம் நிகழ்ந்த இலங்கையிலோ இந்தியாவிலோ வெள்ளையர் தெய்வமாக்கப்பட்டமைக்கு ஒப்பான நிகழ்ச்சி தமக்கு நினைவில் எழவில்லை என்பது அவரது ஐயத்தின் தொடக்கம். ஐரோப்பியன் தெய்வமாகத் தோன்றினான் என்னும் கதையை ஆக்கியவன் ஐரோப்பியனே என்றும், தீவினரும் நடைமுறை அறிவு கொண்டு சிந்தித்தவரே என்றும் அவர் வாதிட்டார். 1995இல் சாலின்ஸ் தனியொரு நூலால் விடையிறுத்தார். ஹவாய் மக்களுக்கு எங்குமுள்ள பொதுவறிவை வழங்குவதாகக் கூறி, அவர்களுக்கேயுரிய சிந்தனை முறையை ஒபயசேகர பறித்துவிட்டார் என்பது அவ்விடையின் சாரம்.

இவ்விவாதத்தில் நம் நாட்டு அறிஞர் பக்கம் நிற்க நமக்கு இயல்பாகவே விருப்பம் எழும். ஆயின் விருப்பம் வாதமாகாது. ஒபயசேகர எழுப்பிய வினாவின் வன்மை மறுக்கவியலாதது. யார் இதனைக் கூறினார், எப்போது கூறினார், கூறியதால் யார் பயனடைந்தார் என்னும் வினாக்களை அவர் ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எழுப்பினார். ஆயின், மக்கள் அறிவுடையோராயின் அவர்தம் அறிவு நம்முடையதை ஒத்ததாகவே இருத்தல் வேண்டும் எனக் கொள்வதும் ஒரு வகைக் குறுக்கமேயாகும். தெய்வம் என்னும் சொல்லை நாம் எப்பொருளிற் கொள்கிறோம் என்பதே இங்கு முதன்மையான பிரச்சினை. மனிதனுக்கும் தெய்வத்துக்குமிடையே கடக்கவொண்ணாக் கோடு கிழிக்கும் கிறித்தவச் சிந்தனையில் நின்று நோக்குவோர்க்கே 'தெய்வமா, மனிதனா' என்பது ஒரு வினாவாகத் தோன்றும். முன்னோர், தலைவர், தெய்வம் என்போரிடையே படிப்படியான தொடர்பு காணும் பொலினீசியச் சிந்தனையில் அவ்வினாவே வேறு வடிவங் கொள்ளும். இவ்விடத்தில் செர்கேசோவ் இடைவழியொன்றைக் காண்கின்றார்: வந்தோர் தெய்வமாகவும் கருதப்படவில்லை, வெறும் மனிதராகவும் கருதப்படவில்லை, தெய்வ ஆற்றலின் ஒரு சாயல் அவரிடம் உண்டெனச் சோதித்துப் பார்க்கப்பட்டனர்.

சமோவ மொழியில் ஐரோப்பியரைக் குறிக்கும் 'பாப்பாலங்கி' என்னும் சொல்லின் வரலாறும் இதற்குத் துணைசெய்கின்றது. 'வானைப் பிளந்து வந்தோர்' என்பது அதன் பொருளென நூல்கள் பல நெடுங்காலம் எழுதிவந்தன. இச்சொற்பிறப்புக்கு மொழியாதாரமோ பழைய ஏடுகளின் ஆதாரமோ போதாது என்றும், ஐரோப்பியர் தம்மைப் பற்றிக் கொண்ட எண்ணமே தீவினர் வாயில் ஏற்றப்பட்டது என்றும் செர்கேசோவ் 1999இல் எடுத்துக்காட்டினார். இத்தகைய ஏற்றிக்கூறலின் உச்சம் 1920இல் ஜேர்மனியில் வெளியான 'பாப்பாலங்கி' என்னும் நூல். சமோவத் தலைவரொருவர் ஐரோப்பிய நாகரிகத்தைக் கண்டித்து ஆற்றிய உரைகள் என வழங்கப்பட்ட அந்நூல், எரிக் ஷொய்மன் என்னும் ஜேர்மனியரின் புனைவு. ஐரோப்பாவைக் கண்டிப்பதற்குங்கூட ஐரோப்பியர் சமோவனின் வாயை இரவல் பெற்றனர்.

4

மேற்கூறிய வாசிப்பு முறையை இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற நூலொன்றுக்கும் பிரயோகித்துப் பார்க்கலாம். மாகிறற் மீட் தமது 23ஆம் வயதில், 1925இல், அமெரிக்கக் கடற்படையின் ஆட்சியிலிருந்த கிழக்குச் சமோவாவுக்குச் சென்றார். மனுவாவிலுள்ள தாவுத் தீவில், கடற்படை மருந்தகத்தோடிணைந்த இல்லத்தில் தங்கி, மூன்று கிராமங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் 68 பேரை ஆராய்ந்தார். 1928இல் வெளிவந்த 'சமோவாவிற் பருவமெய்தல்' என்னும் அவரது நூல், குமரப்பருவக் கொந்தளிப்பு உயிரியல் விதியன்று, பண்பாட்டின் விளைவே என வாதிட்டது. சமோவப் பெண்கள் இயல்பாகவும் இலகுவாகவும் காதலில் ஈடுபடுவர் என்னும் சித்திரம் அவ்வாதத்துக்கு அழகூட்டியது. அமெரிக்க வாசகர் மனத்திற் பதிந்தது அச்சித்திரமே.

மீட்டின் மறைவுக்கு ஐந்தாண்டுகளின்பின், 1983இல், டெறிக் பிறீமன் இதனைக் கடுமையாக மறுத்தார். சமோவா கன்னிமையைப் போற்றும், தண்டனையும் போட்டியும் மிக்க சமுதாயம் என்பது அவர் கூற்று. பின்னர் 1999இல் அவர் எழுதிய நூல், தோழியரின் விளையாட்டுப் பொய்யை நம்பியே மீட் ஏமாந்தார் என்றது. பல பத்தாண்டுகள் கழிந்தபின் மூதாட்டியொருவர் அளித்த வாக்குமூலம் அதற்கு முக்கிய ஆதாரமாயிற்று. 2009இல் போல் ஷாங்க்மன், பிறீமன் தம் சான்றுகளைத் தமக்கேற்பத் தெரிந்தெடுத்தமையை எடுத்துக்காட்டினார்.

இங்கும் மீட்டின் நூலே அவரது சித்திரத்துக்கு எதிர்ச்சான்று தருகின்றது என்பது கவனிக்கற்பாலது. தௌபோ எனப்படும், கிராமத்தின் மதிப்பைச் சுமக்கும் தலைமைக்குலக் கன்னியின் மீதான காவலை அவரே விவரித்துள்ளார். பூப்பெய்திய 25 பெண்களைப் பற்றி அவர் தரும் அட்டவணையில், பாதிக்கு மேற்பட்டோர் ஆடவர் தொடர்பு அற்றவர். அட்டவணை ஒன்று கூற, அத்தியாயத்தின் நடை வேறொன்று கூறுகின்றது. லா பெறூஸின் நூலிற் கண்ட அதே இடைவெளி, 140 ஆண்டுகளின்பின் ஒரு விஞ்ஞான நூலிலும் திறந்து கிடக்கின்றது. மீட்டின் நோக்கம் நல்லது. மனித இயல்பு பிறப்பால் முடிந்துவிட்ட ஒன்றன்று என நிறுவ முயன்றார். ஆயின் நல்ல நோக்கமும் ஏட்டின் இடைவெளியை மூடப் போதுமானதன்று.

இவ்விரு தரப்பினரும் விட்ட இடம் ஒன்றுண்டு. மீட் சென்றிறங்கிய சமோவா காலத்தில் உறைந்த தீவன்று. 1830இல் ஜோன் வில்லியம்ஸ் வந்ததிலிருந்து அம்மக்கள் கிறித்தவராயினர். தீவுக்கூட்டம் 1899ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஜேர்மனிக்கும் அமெரிக்காவுக்குமாகக் கூறுபோடப்பட்டது. 1914இல் நியூசிலாந்தின் கைக்கு மாறிய மேற்குச் சமோவாவில், 1918 நவம்பரில் 'தலூனே' என்னும் கப்பல் கொணர்ந்த நச்சுக்காய்ச்சல் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மக்களைக் கொன்றது. 1929 டிசெம்பர் 28ஆந் திகதி அப்பியாவில் மவு இயக்கத்தின் அமைதி ஊர்வலத்தின்மீது சுடப்பட்டதில் தலைவர் துப்புவா தமசேசேயும் மற்றும் பலரும் மாண்டனர். கிழக்கிலும் 1920இலேயே கடற்படை ஆட்சிக்கெதிராக மவு எழுந்திருந்தது. குமரப்பருவம் கொந்தளித்ததா இல்லையா என்பது நூலாயிற்று. நாடு கொந்தளித்தமை அந்நூலின் மையத்துக்கு வரவில்லை.

5

இனி, செர்கேசோவின் விளக்கத்துக்கே மீளலாம். இதுவரை கண்டவற்றுள் நுணுக்கமான வாசிப்பு அவருடையதே. இருப்பினும் அதனோடு நாம் முற்றாக உடன்பட இயலவில்லை. பெண்கள் ஏன் கொண்டுவரப்பட்டனர் என்பதற்கு அவர் விடை தருகின்றார். அவ்விடை முதியோரின் விடை. சபையில் அமர்ந்து தீர்மானித்த தலைவர், வீட்டுள் நின்று பாடிய மூதாட்டியர் ஆகியோரின் எண்ணத்தை அது நமக்குத் தெளிவாக்குகின்றது. அழுத சிறுமி அவ்விளக்கத்தில் ஒரு சான்றாக மட்டுமே பயன்படுகின்றாள். அவளது அழுகை ஐரோப்பிய மாயையைத் தகர்க்க உதவுகிறது. தகர்த்தபின் அவள் மீண்டும் மறக்கப்படுகின்றாள். சடங்கிற்குப் பொருளுண்டு என்பதனால் அவளது நோவுக்கும் பொருள் கிடைத்துவிடுமா?

'பண்பாடு' என நாம் வழங்குவது பெரும்பாலும் அச்சமுதாயத்திற் பேசும் உரிமை பெற்றோரின் கூற்றேயாகும். வெள்ளையனின் அவதூற்றிலிருந்து ஒரு சமுதாயத்தை மீட்கும் ஆர்வத்தில், அச்சமுதாயத்தின் அகத்தே குரலற்றிருந்தோரை இரண்டாம் முறையும் குரலற்றவராக்கும் அபாயம் உண்டு. லா பெறூஸ் அவளைப் பார்த்தும் மறந்தார். நாம் அவளை விளங்கிக்கொண்டு மறத்தல் நியாயமாகாது.

இக்குறையைச் சமோவ எழுத்தாளரே நிறைவுசெய்யத் தலைப்பட்டமை மகிழ்ச்சிக்குரியது. 1962இல் மேற்குச் சமோவா சுதந்திரம் பெற்றபின் எழுந்த தலைமுறையில் அல்பேர்ட் வென்ட் முதன்மையானவர். 1973இல் வெளிவந்த தமது முதல் நாவலிலேயே, நியூசிலாந்தின் நிறவெறியையும் சமோவக் குடும்பத்தின் இறுக்கத்தையும் ஒருசேர விமரிசித்தார். மலமா மெலெய்சேயா முதலானோர் ஆக்கிய மேற்குச் சமோவ வரலாறு 1987இல் வெளிவந்தது. 1996இல் சியா பிகியெல் எழுதிய நாவல், சமோவச் சிறுமியொருத்தியின் வாயிலாகவே மீட்டையும் பிறீமனையும் எள்ளி நகைப்பதோடு, அவள் வீட்டிலும் கிராமத்திலும் படும் அடியையும் மறைக்காது கூறுகின்றது. அந்நியன் தந்த சித்திரத்தை மறுப்பதும், சொந்த வீட்டின் கொடுமையை ஒளிக்காதிருப்பதும் ஒரே பணியின் இரு பக்கங்கள் என இந்நாவல்கள் உணர்த்துகின்றன. மானிடவியல் நூல்கள் அடையாத சமநிலையை இங்கு இலக்கியம் அடைந்துள்ளது எனக் கூறுதல் மிகையாகாது.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனில், கண்டவர் எழுத்து பொய்யென்று ஒதுக்கத்தக்கதுமன்று, மெய்யென்று ஏற்கத்தக்கதுமன்று என்பதாம். அவ்வெழுத்தில் ஆசிரியர் கூற விழைந்தது ஒன்று. கூறாதிருக்க இயலாமற் கூறிவிட்டது மற்றொன்று. முன்னையது அவரது காலத்துக்கும் வர்க்கத்துக்கும் நாட்டுக்கும் உரியது. பின்னையதே காணப்பட்டோர் வாழ்வின் தடயம். பண்டமாற்றுக்கு வந்து எச்சரிக்கை வெடி கேட்டு விலகிய ஓடங்களும், அட்டவணையில் எண்ணாக ஒடுங்கிய பெண்களும், தட்டியிறக்கிய வீட்டுள் அழுத சிறுமியும் அத்தகைய தடயங்களே. அவற்றைத் தேடிப் படிப்பதற்கு மொழியறிவும் வரலாற்றறிவும் வேண்டும். அவற்றினும் மேலாக, ஏட்டைத் திறக்குமுன் தீர்ப்புக் கூறாத பொறுமை வேண்டும். கலைப்பீட மாணவர்க்கு இன்று கற்பிக்கப்பட வேண்டிய முதற்பாடம் அப்பொறுமையே.